கால் இல்லாத பக்கம்

சேலையூரில் எங்கள் ஹால் சின்னது. அதற்காகவே ஒரே பக்கம் ஸ்டீல் கால் வைத்த வட்டக் கண்ணாடி டீப்பாய் வாங்கினேன். அந்தக் காலத்து ஐரோப்பிய டிசைன். அதன் அடிப்பாகம் சோபாவுக்கு அடியில் நுழைந்துவிடும்.

அந்த வாரமே வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லோரும் முழங்கால் போட்டோம். எனக்குக் கண்ணை மூடவே மனம் வரவில்லை. யாராவது கண்ணாடியைக் கீறிவிடுவார்களோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆமென்' சொன்னதும் என் நாத்தனார் எழுந்திருக்க, கால் இல்லாத பக்கம் கையை ஊன்றினார். டீப்பாய் சாய்ந்தது. கீழே பாயில் அவருடைய கைக்குழந்தை! பாய்ந்து டீப்பாயைப் பிடித்துவிட்டேன்.

இப்போது வேறு டீப்பாய் தேடுகிறேன். கடையில் எது பிடித்தாலும், முதலில் முழங்கால் போட்டு, அதில் கையூன்றி எழுந்து பார்க்கிறேன். பல்லாவரத்தில் ஒரு கடைக்காரர், "என்ன மேடம் பண்றீங்க?" என்று பதறினார்.

"எங்க வீட்டுல இப்படித்தான் சார் எழுந்திருப்போம்," என்றேன்.