கேம் பெட்டிக்கு உள்ளே நான், வெளியே சேவியர்

கம்ப்யூட்டர் வேலையில் ஒரு கஷ்டம், நாம் ஒழுங்காகச் செய்துவிட்டால் யாரும் உள்ளே திறந்து பார்க்க மாட்டார்கள். அடுப்படியில் வெந்தவர் ஒருவர், பந்தியில் பேர் வாங்கியவர் இன்னொருவர் என்று பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எங்கள் தீவில் லம்பா லைன் பகுதியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஃபீனிக்ஸ் பே பக்கம் படகு செய்கிற தச்சர் சேவியர், தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். மூன்று வருஷமாக இருவரும் சேர்ந்து, நின்றுகொண்டு விளையாடுகிற ஆள் உயர வீடியோ கேம் பெட்டி செய்கிறோம். மரவேலை அவருடையது. மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன் எல்லாவற்றையும் உள்ளே பலகையில் மொட்டையாகப் பொருத்துவது என் வேலை.

முதல் பெட்டி

மின்னி பேயில் ரெஸ்டாரன்ட் வைத்திருக்கும் தாஸ் பாபுதான் முதல் வாடிக்கையாளர். கடையில் வாங்கும் கம்ப்யூட்டர் கேஸில் ஒவ்வொரு திருகாணிக்கும் இடம் இருக்கும். மரப்பெட்டியில் எதுவும் கிடையாது. இரண்டு நாள் அளவெடுத்து, மதர்போர்டு பலகையில் உட்காராமல் எழும்பி நிற்கச் சின்னப் பித்தளைக் கால்கள் வைத்து, கீழே காற்று நுழைந்து மேலே வெளியேற வழி செய்திருந்தேன். பின்கதவைத் திறந்து ஹிந்தியில் எல்லாவற்றையும் விளக்கினேன்.

தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அவரே கதவைச் சாத்திவிட்டு, முன்பக்கம் போய் படாக் மரச் சட்டத்தை உள்ளங்கையால் தடவினார். மரவேலை யார் செய்தது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கேள்வி.

"யே லக்டி கா காம் கிஸ்னே கியா?"

சிவப்பு பட்டன்

எங்கள் தெரு சரஸ்வதி அக்கா அரசாங்க ஆபீஸில் இருக்கிறார். மகள் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி கேட்டார். பெட்டியை ஆன் செய்கிற ஸ்விட்சை அழகாக இருக்கட்டும் என்று சிவப்பு பட்டனாகப் போட்டு, விளையாட்டு பட்டன்களுக்கு நடுவிலேயே வைத்தேன். விழாவில் தோற்கப்போகிறவர்கள் எல்லாரும் அதையே அமுக்கினார்கள். ஆட்டம் பாதியில் அணைந்துவிடும். குழந்தைகளை விடுங்கள், அக்காவின் வீட்டுக்காரரே இரண்டு தடவை அமுக்கினார்.

மறுநாள் சேவியர் வந்து பெட்டியின் உச்சியில் ஒரு துளை போட்டு அந்த பட்டனை மேலே மாற்றினார். பத்து நிமிஷ வேலை. அக்கா அவருக்கு கேசரி கொடுத்தார், எனக்கும்தான். ஆனால் என் தட்டோடு இதுவும் வந்தது.

"தம்பி, இதை முதல்லயே அவர்கிட்ட கேட்டிருக்கலாமே."

வீட்டில்

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் சேவியர் புராணம்தான். அவருக்கு வந்த பாராட்டு, அவர் கடைக்கு வருகிற கூட்டம், போட்டோவில் எல்லாரும் அவரை நடுவில் நிறுத்துவது. என் மனைவி செல்வி ஏழு நாள் பொறுத்தாள். எட்டாவது நாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்னைப் பத்தி யார்கிட்டயாவது இவ்வளவு பேசியிருக்கீங்களா?"

கப்பலேறிய பெட்டி

தாஸ் பாபு இன்னொரு தீவில் கிளை திறந்தார். மூன்று பெட்டி கேட்டார். அந்த மூன்றில் முதலாவதில், ஸ்கிரீனுக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு கனமானது. இரும்புக் கேஸ் என்றால் அதைத் திருகிப் பிடிக்க ஓர் ஓரம் இருக்கும். இங்கே அது ஸ்லாட்டில் செருகியபடி தொங்கிக்கொண்டிருந்தது. சேவியர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது ஆடும். கீழ ஒரு கட்டை வச்சிருவோமா?" என்றார்.

ஆடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெட்டிக்கு உள்ளேயும் அவர் கை வந்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? என் வேலை எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பெட்டியைக் கப்பலில் ஏற்றிய அன்று கடலும் சரியில்லை. பெட்டி போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது, ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கிறதாம். பெட்டி ஆட்டம் கண்டிருக்கும், மரவேலையில்தான் கோளாறு என்று என் வாய் சொல்லிவிட்டது. திருத்த நேரம் இருந்தது. திருத்தவில்லை. தாஸ் பாபு சுருக்கமாக முடித்தார்.

"தோ தூஸ்ரா மிஸ்த்ரி தேக்தா ஹூன்."

வேறு தச்சரைப் பார்க்கிறாராம். அன்று மத்தியானம் எனக்கு நன்றாகவே பசித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்கதவு

இரண்டு நாள் கழித்து நானும் சேவியரும் ஒரே கப்பலில் போனோம். போய் இறங்கியதும் தாஸ் பாபு, நான் போனில் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னார். சேவியர் நேரே போய்ப் பின்கதவைத் திறந்தார். கார்டு ஸ்லாட்டை விட்டு வெளியே வந்து ஒயரில் தொங்கியது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு துண்டுக் கட்டையைச் சீவி, கார்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் திருகினார். ஸ்கிரீன் வந்தது. என்ன கோளாறு என்று தாஸ் பாபு கேட்க, தப்பு தன்னுடையது, உள்ளே ஒரு கட்டை வைக்க விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டார். நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்துகிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. சமையல்காரர்கள் எல்லாரும் நிற்க, நடந்ததைச் சொன்னேன்: இவர் முன்கூட்டியே சொன்னார், நான் கேட்கவில்லை, போனில் சொன்னது பொய். தாஸ் பாபு மீதி இரண்டு பெட்டியையும் எங்களையே செய்யச் சொன்னார்.

திரும்பும் கப்பலில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். சேவியர் கேட்டது வேறு.

"அண்ணாச்சி, உள்ள அந்த ஒயரெல்லாம் எப்படி இவ்வளவு வரிசையாக் கட்டுதீய? எனக்கு ரொம்ப நாளா பொறாமை."

எனக்குப் பொறாமை இன்னும் தீர்ந்தபாடில்லை, ஆனால் அவருக்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இராத்தூக்கம் கொஞ்சம் ஒழுங்காக வருகிறது.