முதுகைக் காட்டிய குழந்தை

ஸ்கேன்காரம்மா ஜெல் பாட்டிலை வெந்நீர் மக்கிலிருந்து எடுத்து, ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பார். சூடு சரியென்றால், யாரோ அனுமதி கேட்டதற்குச் சம்மதிப்பதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டிக்கொள்வார். அதன் பிறகுதான் வயிற்றில் தடவுவார். அவர் வாய் அதற்குள் இரண்டு கதை சொல்லி முடித்திருக்கும். வருடக்கணக்காக வயிறுகளை அழுத்தி வலத்தோள் போய்விட்டது, தலை வாருவதுகூட இடக்கையால்தான் என்பது அன்று நாங்கள் கேட்ட முதல் கதை.

மாமாவுக்கு லீவு கிடைக்காததால் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அக்காவுக்குத் துணை நான். அவளுடைய முதல் குழந்தை இதயக் கோளாறோடு பிறந்து, என்னவென்று தெரிவதற்குள் போய்விட்டது. காலையிலிருந்து அவள் பேசவே இல்லை.

“கை, கால், மூக்கு எல்லாம் ஜோரா இருக்கு. ஆனா நெஞ்சப் பாக்க விடாம முதுகக் காட்டிப் படுத்திருக்கு பாரும்மா, கழுதை. யாரு மாதிரி?”

எனக்குத் திரையில் மழைமேகம் மட்டும் தெரிந்தது.

“அவங்கப்பா மாதிரிதான். சண்டை போட்டா அப்படித்தான் படுப்பாரு,” என்றாள் அக்கா.

“எங்க வீட்டுக்காரரும்தான். தூக்கக் கலக்கத்துல அவரையே ‘திரும்பிப் படு’ன்னு அதட்டியிருக்கேன்னா பாரேன். சரி, எழுந்து வராண்டால நாலு நடை நடந்துட்டு வா. தம்பி, கூடப் போப்பா.”

நடந்துவிட்டு வந்தோம். மறுபடி ஜெல், மறுபடி மணிக்கட்டு.

“இன்னும் அடம். இன்னொரு நடை போயிட்டு வா. தம்பி, அதுக்குக் கேக்கற மாதிரி ஒரு பாட்டுப் பாடேன்.”

“இவனா? இவன் பேசினா பக்கத்துல இருக்கற எனக்கே கேக்காது மேடம்!”

அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். என் காது சூடாகிவிட்டது.

மூன்றாம் முறை உள்ளே போனபோது டாக்டர் இருந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும், இங்கே பக்கம் பக்கமாகப் போகின்றன என்று காட்டினார். இந்த முறை முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், இதய ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்கலாம், பிறந்த சில நாட்களில் சரிசெய்துவிடலாம் என்றார். ஸ்கேன்காரம்மா ஒரு வார்த்தை பேசாமல் அக்காவின் வயிற்றைத் துடைத்துவிட்டார்.

அப்படியே நடந்தது. இப்போது எங்கள் வீட்டில் எந்தச் செருப்புக்கும் ஜோடி கிடைப்பதில்லை. கண்டித்தால் குட்டி வாண்டு முதுகைக் காட்டி நிற்கும். “வயித்துலயே இவ இப்படித்தான்,” என்பாள் அக்கா.

போன மாதம் மருந்துக்கடையில் ஸ்கேன்காரம்மாவைப் பார்த்து இதைச் சொன்னேன்.

“பாவம், அது மேல பழியப் போட்டுட்டேன்பா,” என்று சிரித்தார். “மொத தடவையே நெஞ்சத் தெளிவாக் காட்டிட்டுத்தான் படுத்திருந்துச்சு. டாக்டர் வேற கேஸ்ல இருந்தாரு, விஷயத்த அவருதான் சொல்லணும். அதுவரைக்கும் உங்கக்கா சிரிச்சுட்டு இருக்கட்டுமேன்னுதான்.”