என் பர்சில் இருந்த வேறொருவர் கார்டு

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராமச் செவிலியராக இருக்கிறேன். புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். குழந்தையின் அட்டையில் இருக்கும் பெயரைப் படித்து, தாயிடம் ஒருமுறை கேட்டு, மறுபடியும் படித்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பேன். பதினெட்டு வருட வேலையில் ஒருநாளும் ஆள் மாறிப் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான், மூன்று நாள் வேறொருவருடைய ஏடிஎம் கார்டை என் பர்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது நானும் வீட்டுக்காரரும் தருமபுரிக்குத் துணி எடுக்கப் போனோம். ஞாயிற்றுக்கிழமை. ஜவுளிக்கடைக்குள் நகர இடமில்லை. பில் போடும் இடத்தில் நின்றிருந்த ஆள் என் கார்டை வாங்கிக்கொண்டு, "இங்க சிக்னல் கிடைக்கலீங்க மேடம். வாசப் பக்கம் போயி தேச்சுட்டு வந்துர்றேன். பின் நம்பர் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்பதால் இரண்டாம் முறை உரக்கவே சொன்னேன். பெட்ரோல் பங்கிலும் மருந்துக் கடையிலும் அதுவரை அப்படித்தான் சொல்லிவந்தேன். கேட்டால் சொல்வது என்பது எனக்கு ஒரு மரியாதை மாதிரி பழகியிருந்தது. மிஷினை இங்கே கொண்டு வாருங்கள் என்று கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்று கூச்சம். ஐந்து நிமிடத்தில் அவர் கார்டையும் பில்லையும் சிரித்த முகத்தோடு கொடுத்தார். அதே நீல நிறம், அதே வங்கி. வாங்கி பர்சில் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம், கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு முடித்து, கை கழுவிக்கொண்டிருந்தபோது போனில் குறுஞ்செய்தி வந்தது. ஓசூரில் ஏதோ ஒரு கடையில் என் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது என்றது. நான் ஓசூருக்குப் போய் ஒரு வருடம் இருக்கும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"கார்டு எங்க இருக்குது?" என்று கேட்டார்.

"எங்கிட்டதாங்க இருக்குது. கையிலயே வச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன? கார்டு உன்கிட்ட இருக்கறப்ப பணம் எப்படிப் போவும்? அது டூப்ளிகேட் மெசேஜா இருக்கும். அதுல இருக்கற நம்பருக்கெல்லாம் கூப்புட்டுறாத."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படி வரும் செய்திகளை நம்பி ஏமாந்தவர்களை எனக்கே தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. செய்தியில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த வங்கி எண்ணுக்குக் கூப்பிட்டேன். எதிர்முனையில் ஒரு பெண் கார்டின் கடைசி நான்கு எண்களைக் கேட்டார். படித்தேன்.

"மேடம், இந்த எண் உங்க பேர்ல இல்லையே. கார்டுல என்ன பேர் போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். ஆங்கில எழுத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அட்டையில் பெயர் படிக்காமல் ஊசி போட்டுவிட்டது போல உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது.

அந்தப் பெண் நிதானமானவர். என் கணக்கு எண்ணை வாங்கி, கேள்விகள் கேட்டு, நான்தான் என்று உறுதி செய்துகொண்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே என் கார்டை முடக்கிவிட்டார். "உடனே கூப்பிட்டீங்க, நல்லதாப் போச்சு. அடுத்த தடவை தேய்க்க முடியாது" என்றார். உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். அன்று சாயங்காலமே இணையக் குற்றப் புகாரும் பதிவு செய்துவிட்டோம்.

மறுநாள் காலையில் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி நான் கொடுத்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கணினியில் தேடி, அந்தக் கார்டுக்கு உரியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மாரண்டஹள்ளியில் தக்காளி பயிர் செய்யும் ஒரு அம்மா. லைன் சரியாகக் கேட்காததால் அதிகாரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, உங்க ஏடிஎம் கார்டு உங்ககிட்ட இருக்குதா?"

"இருக்குதுங்க. வூட்டுல பத்திரமா வச்சிருக்கேன்."

"கொஞ்சம் எடுத்துப் பாருங்க. யார் பேரு இருக்குது?"

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கும் முணுமுணுப்பு கேட்டது.

"ஐயய்யோ, இதென்னங்க மேடம்! இது ஆம்பளப் பேருங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை கவலையிலும் அதிகாரியும் சிரித்துவிட்டார். உடனே அந்த அம்மாவின் கார்டையும் முடக்கி, அது என்னிடம் இருந்ததைச் சொன்னார். "அந்தம்மாகிட்ட போனக் குடுங்க" என்று மாரண்டஹள்ளி அம்மா கேட்டார். முகம் தெரியாத இருவரும் அங்கேயே பேசினோம்.

"நீங்க எந்தக் கடைக்குப் போனீங்க அக்கா?"

அவர் சொன்ன கடை நான் போன அதே ஜவுளிக்கடை. எனக்கு முந்தின நாள் போயிருக்கிறார். அவரிடமும் சிக்னல் இல்லை என்று சொல்லித்தான் கார்டை வாங்கியிருக்கிறார்கள். அவரும் பின் நம்பரைச் சொல்லியிருக்கிறார். அவர் கணக்கில் இருந்ததைப் போன வாரமே உரக்கடைக்குக் கட்டி, மிச்சமும் துணிக்கே போய்விட்டதால், எடுக்க வந்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "நல்ல வேளைங்க, உரக்கடைக்காரர் முந்திக்கிட்டாரு" என்றார்.

அவரிடம் இருந்த கார்டு அரூரில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடையது. அவரும் அதே கடைக்குப் போய் வந்த பிறகு கார்டைக் காணாமல், தொலைந்துவிட்டது என்று நினைத்து, ஏற்கெனவே முடக்கியிருந்தார். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. கண்டக்டரின் கார்டு உதவாது என்று தெரிந்ததும், பில் போட்ட அந்த ஆள் அதை அக்காவின் தலையில் கட்டி, அவருடையதை எடுத்துக்கொண்டான். அதில் பணம் இல்லை என்றதும் அதை என் கையில் கொடுத்து, என்னுடையதை எடுத்துக்கொண்டான்.

மூன்று பேரும் மாரண்டஹள்ளியிலிருந்தும் அரூரிலிருந்தும் நல்லம்பள்ளியிலிருந்தும் பஸ் பிடித்து, தருமபுரி காவல் நிலையத்தில் முதல்முறையாக நேரில் பார்த்துக்கொண்டோம். சேர்ந்தே எழுதிக் கொடுத்தோம். கண்டக்டர் அண்ணன் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த கவுண்டர் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவருக்கு வேலை சுலபமாயிற்று. கடை முதலாளி எங்களைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றார். பண்டிகைக் கூட்டத்துக்காகத் தற்காலிகமாக வைத்திருந்த ஆள் அவன். கேமராப் பதிவை முதலாளியே எடுத்துக் கொடுத்தார். சில நாளில் ஓசூரில் பிடிபட்டான். அதற்கும் சில வாரம் கழித்து என் கணக்குக்குப் பணம் திரும்பி வந்தது. உடனே புகார் செய்ததால்தான் அது நடந்தது என்று வங்கி அதிகாரி சொன்னார்.

புதுக் கார்டு வந்தபோது அவரே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தார். வெளிநாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்தி வைத்தேன். சம்பளக் கணக்கின் கார்டு வீட்டிலேயே இருக்கிறது. கடைக்கு என்று ஒரு சிறு கணக்கு தனியாக வைத்துக்கொண்டேன். மாரண்டஹள்ளி அக்கா இன்னும் எளிதாக ஒன்று செய்தார். கார்டின் மூலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டார். "எழுத்துக் கூட்டிப் படிக்கற நேரத்துல பஸ்ஸே போயிரும் நர்சம்மா. பொட்ட பாத்தா தெரிஞ்சிரும்" என்றார். நானும் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடப் பொங்கலுக்கு நாங்கள் இருவரும் சொல்லிவைத்து அதே கடைக்குப் போனோம். ஒரு பை தக்காளியோடு வந்திருந்தார். பில் போடும் இடத்தில் இப்போது கம்பியில்லாத மிஷினை நம் கையிலேயே கொடுக்கிறார்கள். அக்கா துணிப்பையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். நானும் கையைக் குவித்து மறைத்து அழுத்தினேன். வெட்கமாகவே இல்லை.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் போனில் யாரிடமோ, "பின் நம்பரு என்ன, சத்தமாச் சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன்" என்றார்.

"சொல்லாதீங்க!" என்று நானும் அக்காவும் ஒரே குரலில் கத்திவிட்டோம். வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரித்தார். "வெளிய போயி கேட்டுட்டு வாங்க, உங்க எடத்த நாங்க பாத்துக்கறோம்" என்று அக்கா அவரை அனுப்பிவைத்தார். அவர் திரும்பி வரும்வரை, துணிப்பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் அவருக்காக வரிசையில் நின்றோம்.