ஐந்து முழக் கோல்

நீட்டமாக எது கண்ணில் பட்டாலும் தணிகாசலம் அதைக் கையில் எடுத்து இரண்டு உதறு உதறிப் பார்த்துவிடுவார். குடை, ஒட்டடைக் கம்பு, டிவி ஆன்டெனாக் குழாய், எதுவாக இருந்தாலும் சரி. அடியைப் பிடித்து, நுனியை மேலே தூக்கி, சட்டென்று ஒரு வெட்டு. நுனி ஆடி அடங்கும்வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு பொருளுக்கு உரியவரிடம் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். "ஆவாதுபா" என்பார்.

புது ஆட்கள் குழம்பிப் போவார்கள். குடை மழைக்கு ஆகாதா என்ன? மழையைப் பற்றி யார் பேசினார்கள்? தாமல் ஏரியில் விரால் பிடிக்க ஆகாது என்கிறார் மனுஷன்.

ஒரு முறை பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கயிறு கொண்டுபோனவர், தறியில் இழைகளைப் பிரித்து வைத்திருந்த மூங்கில் குச்சி மெல்லிசாக நன்றாக இருக்கிறதே என்று உருவப் போய்விட்டார். அந்த வீட்டு அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. இன்னொரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் டீ குடிக்கையில் சுவரில் சாய்த்து வைத்திருந்த லத்தியை எடுத்து உதறினார். அவர் முறைத்த முறைப்பைக்கூடக் கவனிக்காமல் "ஆவாதுபா, ரொம்ப வெறப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். வைகாசியில் கருட சேவைக்கு ஊரே திரண்டு பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தணிகாசலமும் போட்டுக்கொள்வார். ஆனால் கண் மட்டும் பெருமாளுக்கு மேலே, காற்றில் குடைக் கம்பு எந்த இடத்தில் வளைகிறது என்பதில் இருக்கும்.

காஞ்சிபுரத்தில் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கயிறு, மூங்கில், கூடை, ஏணி விற்கிற கடை அவருடையது. சொந்த ஊர் முசரவாக்கம். அண்ணன் தம்பிகள் ஏர் பிடிக்க, இவர் கயிறு பிடித்தார். கயிற்றை முழம் போட்டுத்தான் விற்பார். இரும்பு கெஜக்கோல் ஒன்று சுவரில் தொங்குகிறது, காலண்டர் மாட்டுவதற்கு. அவருக்கு ஆண்டவன் கொடுத்த கை அப்படி. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சாதாரண ஆளைவிட நாலு விரற்கடை கூடுதல். கூரத்திலிருந்தும் தாமலிலிருந்தும் கிணற்றுக் கயிறு வாங்க வருகிறவர்கள், நடுவில் நாலு கடை இருந்தாலும் அவற்றைத் தாண்டி இங்கேதான் வருவார்கள். முதலாளி கையாலேயே அளக்கணும் என்று அடம்பிடிப்பார்கள்.

அந்தக் கையால் வந்த வினைதான் இத்தனையும்.

மனைவி ஜெயம்மாளின் தம்பி பிரேம்நாத் அரும்பு மீசைக் காலத்திலிருந்து அந்தக் கடையில்தான் இருந்தான். கெட்டிக்காரன், சிரித்த முகம், ஆனால் ஆள் குள்ளம். ஒரு நாள் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் நாற்பது முழம் கிணற்றுக் கயிறு அளந்து கொடுத்துவிட்டான். மறுநாள் காலை அந்த ஆள் வாளியோடு வந்து நின்றார், கயிறு தண்ணீரைத் தொடவில்லை என்று. கடை நிறைய ஜனம். தணிகாசலத்துக்கு வாய் முந்திக்கொண்டது.

"கை குட்டைன்னா அளக்கப் போவக் கூடாதுபா."

ஜனம் சிரித்தது. பிரேம்நாத் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த மாதமே ஏஜென்டைப் பிடித்து, அக்கா வளையலை அடகு வைத்து, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். தணிகாசலம் எடுத்தால், "அக்கா இருக்குதா?" என்பதோடு சரி. இவர் ரிசீவரை ஜெயம்மாளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. ஆனால் அன்றைக்குச் சிரித்த ஜனத்தில் ஒவ்வொரு முகமும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

போன வருஷம் யாரிடமோ ஒரு பார்சல் கொடுத்தனுப்பினான். அக்காவுக்கு சோப்பு, தைலம். அடியில், பேர் எழுதாமல், தூண்டிலில் இரையாக மாட்டுகிற மூன்று ரப்பர் மீன். பேர் எழுதாவிட்டால் என்ன, அந்த வீட்டில் மீன் பைத்தியம் ஒருவர்தானே. உள்ளங்கை நீளம், மெத்தென்ற உடம்பு, துடுப்பு மாதிரித் தட்டை வால். தண்ணீரில் இழுத்தால் வால் தானாக ஆடும். நிஜக் கெண்டை தோற்றது போங்கள். தணிகாசலம் அதைக் குளியலறை வாளியில் விட்டு ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்ததாக ஜெயம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆனால் கனமோ கனம். நூறு கிராம் இருக்கும். அவருடைய மூங்கில் தூண்டில் அதைத் தாங்கவில்லை. பச்சை மூங்கில் தொய்ந்துபோய் மீனை அவர் முதுகிலேயே அடித்தது. காய்ந்த மூங்கில் படக்கென்று முறிந்து, நுனியோடு ஒரு ரப்பர் மீன் ஏரிக்குப் போய்விட்டது. அன்றையிலிருந்துதான் இந்த உதறல் வியாதி முற்றியது.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு ஆலோசகர் உண்டு. சின்ன காஞ்சிபுரத்து முரளீதரன், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பரம வைஷ்ணவர். மீன் என்ற சொல்லையே வாயால் சொல்ல மாட்டார், "அந்த ஜீவன்" என்பார். கொடிக்கயிறு வாங்க வந்தவர், கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து நெம்புகோல் தத்துவம் பேச ஆரம்பித்து, அதன் பிறகு சாயங்காலம் தவறுவதில்லை. அந்த ஜீவனைப் பிடிக்கிற பாவத்தில் பங்கு வேண்டாம், கணக்கில் மட்டும் பங்கு போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தூண்டில் கோல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தணிகாசலத்துக்குச் சந்தேகமே இல்லை. ரப்பர் மீன் மெத்தென்று இருப்பதால் விரால் உடனே விழுங்காது. கவ்வும், கொஞ்சம் யோசிக்கும். விறைத்த கோலாக இருந்தால் அது யோசிக்கிற நேரத்தில் வாயிலிருந்து பிடுங்கிவிடும். தொய்ந்த கோலாக இருந்தால் எறியவும் முடியாது, கோரைக்குள் ஓடுகிறவனை இழுக்கவும் முடியாது. வாத்தியாருக்கு இதை அவர் விளக்கிய விதம் பிரசித்தம்:

"அடி பெருமாள் மாதிரி அசையாம நிக்கணும் சார். நுனி தாயார் மாதிரி எரங்கிக் குடுக்கணும்."

முரளீதரன் கண்ணை மூடி யோசித்துவிட்டு, பௌதிகப்படியும் சரி, சம்பிரதாயப்படியும் சரி என்று ஒப்புக்கொண்டார்.

நீளம்தான் கடைசியாக முடிவானது. தாமல் ஏரி மதகுக்கு எதிரே ஒரு மண் திட்டு, அதைச் சுற்றிக் கோரை. விரால் இருப்பது அந்தக் கோரை ஓரத்தில். மதகுப் படியிலிருந்து அங்கே எழுபது முழம். வாத்தியார் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் கணக்குப் போட்டார். எழுபது முழம் போக ஐந்து முழக் கோல் வேண்டும், அதற்குக் குறைந்தால் எட்டாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. தணிகாசலம் எடுத்து, வழக்கம்போல் ஜெயம்மாளைக் கூப்பிடத் திரும்பினார். மறுமுனையில், "மாமா, வெச்சிடாத" என்றது குரல். மூன்று வருஷத்தில் முதல் "மாமா". பொங்கலுக்கு வருகிறானாம், பதினைந்து நாள் லீவாம். ரப்பர் மீனுக்குக் கோல் வாங்கி வரட்டுமா, எப்படி வேண்டும் என்று கேட்டான். தணிகாசலம் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. பெருமாளையும் தாயாரையும் அவசர அவசரமாகச் சொன்னார். நீளம் ஐந்து முழம் என்றார். பக்கத்தில் இருந்த முரளீதரன், எட்டரை அடி என்று சொல்லுங்கோ, எட்டரை அடி என்று கிசுகிசுத்தார். இவர் கேட்டால்தானே. கயிற்றுக்கடைக்காரனும் கயிற்றுக்கடையில் வளர்ந்தவனும் பேசிக்கொள்ளும்போது நடுவில் அடி எங்கிருந்து வந்தது?

போகியன்று மத்தியானம் பிரேம்நாத் நேராகக் கடைக்கே வந்துவிட்டான். சதை போட்டிருந்தான், கண்ணாடி போட்டிருந்தான். ஏர்போர்ட்டிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்த துணி உறையைப் பிரித்து, இரண்டு துண்டுகளை ஒன்றாகப் பொருத்தி, இரண்டு கையாலும் நீட்டினான். கடையில் ஜெயம்மாள், வாத்தியார், கயிறு வாங்க வந்த நாலு பேர். எல்லோருக்கும் அந்த உதறலும் தெரியும், அடுத்து வரும் "ஆவாது"வும் தெரியும்.

தணிகாசலம் கோலைக் கையில் வாங்கினார். வாங்கின மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு முழம் குறைவு.

பிரேம்நாத் பேசிக்கொண்டே போனான். மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறினானாம், இருபது கோலுக்கு மேல் வளைத்துப் பார்த்தானாம். "கடைக்காரன் டேப் எடுத்துக்கினு வந்தான் மாமா. நான் வேணான்ட்டேன். எங்க மாமா முழத்துல சொல்லிக்கிறாரு, முழத்துலதான் அளப்பேன்னுட்டு, கையாலயே அளந்தேன். மூணு தபா அளந்தேன்." சொல்லிவிட்டுத் தன் முழங்கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பழைய வருத்தம் ஒரு சொட்டு இல்லை. தீர்ந்துபோன வழக்கு என்று நம்பி வந்திருக்கிறான், பாவம்.

சும்மா சொல்லக் கூடாது, கோல் அருமையான கோல். தணிகாசலம் அடியைப் பிடித்து உதறினார். அடி அசையவில்லை. நுனி இறங்கியது, தயங்கியது, நின்றது. பெருமாளும் தாயாரும் ஒன்றாக எழுந்தருளியிருந்தார்கள். இருபது கோலில் இதைப் பொறுக்கி எடுத்தவன் கையில் வித்தை இருக்கிறது. நீளம்தான் இல்லை. அதை இப்போது வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதே கடை, அதே மாதிரி ஜனம், அதே கை.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோலின் மேல் அச்சடித்திருந்ததைக் குனிந்து படித்தார். "ஸெவன் ஃபீட்னு போட்டிருக்கே" என்று ஆரம்பித்தார். தணிகாசலம் ஒரு சுருள் கொடிக்கயிற்றை எடுத்து அவர் மடியில் போட்டு, நீங்கள் கேட்டது சார், இன்றைக்கே கட்டிவிடுங்கள் என்றார். வாத்தியார் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் பையன்களின் முகம் பார்த்துப் பாடம் நடத்தியவர். வாயை மூடிக்கொண்டார்.

இன்னொரு உதறு. ஒரு கண்ணை மூடி நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார் தணிகாசலம். கடை காத்திருந்தது. ஜெயம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆவும்பா" என்றார். "அளவு கரெக்டா இருக்குது."

நாலு பேரில் ஒருவர் கயிற்றைக் கீழேயே போட்டுவிட்டார். தணிகாசலம் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அந்தச் சந்தில் யாரும் கேட்டதில்லை. பிரேம்நாத்துக்கு முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து ஜெயம்மாள் உள்ளே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலை, இருவரும் மொபெட்டில் தாமலுக்குப் போனார்கள். தணிகாசலம் பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி கட்டியிருந்தார். பின்னால் பிரேம்நாத், கோலைக் கொடிக்கம்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு. வழியெல்லாம் சிங்கப்பூர்க் கதை. ஏரி முக்கால் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. மண் திட்டைச் சுற்றிக் கோரை பச்சைப் பசேலென்று நின்றது. கோரை ஓரத்தில் ஒரு நீர்க்குமிழி வந்து உடைந்தது. உள்ளே ஆள் இருக்கிறான்.

மதகுப் படியில் நின்று தணிகாசலம் முதல் வீச்சு வீசினார். ரப்பர் மீன் அழகாகப் பறந்து, கோரைக்கு ஆறு முழம் முன்னாலேயே விழுந்தது. இரண்டாவது வீச்சில் முழு பலத்தையும் போட்டார். மறுபடி அதே இடம். மூன்றாவதும் அப்படியே. வாத்தியார் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்து தொலைக்க வேண்டாம்.

பின்னால் பிரேம்நாத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டலையா மாமா?"

"யார் சொன்னது? கரைல நின்னா நம்ம நெழலு தண்ணில விழுதுபா, பயந்துக்கினு வர மாட்டேன்றான்" என்றார் தணிகாசலம். அன்றைக்கு வானம் முழுக்க மூடாக்கு, நிழலே கிடையாது.

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். செருப்பை ஓரமாக விட்டார். படி வழுக்கும் மாமா, வேண்டாம் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. புது வேட்டியோடு ஒவ்வொரு படியாக ஏரிக்குள் இறங்கினார். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, வேட்டி உப்பி மிதந்தது. நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் வந்ததும் நின்று, காலை அகட்டி ஊன்றி, கோலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார்.