அண்ணன் மூடிய மூடி

அவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர் வைத்தவனுக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். ஆள் வாயைத் திறப்பதே கொட்டாவிக்குத்தான். அண்ணனும் அவரும் சேர்ந்து நடத்திய கார் பட்டறையில் பேசுவது அண்ணன் பங்கு, தலையாட்டுவது இவர் பங்கு. அண்ணன் மாரடைப்பில் போன பிறகு அங்கே பேச ஆளே இல்லை. கம்ப்ரெசர் மட்டும் அவ்வப்போது ஏதோ சொல்லும்.

சாவுக்கு வந்தவர்கள் ஹாரனை அழவைக்க ஆனமட்டும் பார்த்தார்கள். தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கட்டிப்பிடித்துக் காதுக்குள் கத்தினார்கள். அவர் எல்லோருக்கும் நாற்காலி போட்டார். நாற்காலி பற்றாமல் போனதும் ஒரு வேனிலிருந்து சீட்டைக் கழற்றி வந்து போட்டார். கழற்றிய போல்ட்டுகள் தொலைந்துவிடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கல்நெஞ்சக்காரன் என்று ஒரு மாமா சொன்னார், அந்தச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே.

அண்ணனுடைய கடைசி வேலை பட்டறையின் நடுவில் நின்றது. மோட்டார் கார் என்ற ஒன்று உலகத்துக்குப் புதிதாக இருந்த காலத்து வண்டி. மரச் சக்கரம், பித்தளை விளக்கு, முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். அந்த மாதிரி வண்டி இன்று எங்கேயும் பார்க்கக் கிடைக்காது. அவ்வளவு அருமை பெருமை இருந்தும் அது பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். அவரிடமிருந்து இப்போதைய சொந்தக்காரரான மரக்கடைக்காரரின் தாத்தா வாங்கினார், ஏறிப் போக அல்ல. பின்சீட்டை வெட்டி எறிந்துவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுக்க விட்டார். அரண்மனைப் பெண்ணைக் கூட்டிவந்து பாத்திரம் கழுவ வைத்த கதை. அறுத்து அறுத்து ஓய்ந்து, மரத்தூளுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. இப்போது பேரன் மரக்கடைக்காரருக்கு அதன்மேல் திடீர்ப் பாசம். பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று வருகிறது, அதில் தாமே ஓட்டிப்போக வேண்டும் என்று கொண்டுவந்து இறக்கினார்.

அண்ணன் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். தேய்ந்ததையெல்லாம் புதிதாகக் கடைந்து, திரும்பக் கோத்து, முன்பக்கத்து மூடியை, எண்ணெய் கசியாமலிருக்கப் பசை தடவி மூடினார். எப்போதும் போல ஓரமெல்லாம் பசை பிதுங்கி வழிந்தது. அது அவர் கைவாகு. எப்போதும் போல ஹாரன் துணியோடு போனார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஆயுசுக்கும் இருந்த ஒரே சண்டை இதுதான்.

"காயட்டும் விடுடா. எஞ்சினுக்கு மூக்குத் தொடைச்சி விடறதே பொழப்பா உனக்கு?" என்றார் அண்ணன்.

மறுநாள் அவர் இல்லை.

மீதி வேலையை ஹாரன் ஒற்றை ஆளாக முடித்தார். பின்சீட்டு வந்தது, பெயிண்ட் ஏறியது, பித்தளை பளபளத்தது. கைப்பிடியைச் சொருகிச் சுற்றினார். எஞ்சின் கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் போட்டது. மறுபடி சுற்றினார். மறுபடியும் தும்மல். அவ்வளவு அலங்காரம் செய்தும் சளி பிடித்த கல்யாணப்பெண்ணாக நின்றது வண்டி.

அந்தக் காலத்து எஞ்சினில் வால்வுகள் வெளியே தெரியும். கைப்பிடியை மெல்லத் திருப்பிப் பார்த்ததுமே ஹாரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பஸ் போன பிறகு ஓடிவருகிறவன் மாதிரி வால்வு தாமதமாகத் திறந்தது. மூடிக்குப் பின்னால் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும். அவை ஒரு பல் தள்ளிக் கோத்திருக்கின்றன. கோத்தது அண்ணன்.

அண்ணன் கைக்குத் தப்பு வராது என்பது அந்தத் தெருவில் விடிந்தால் வெளிச்சம் வரும் என்பது போல. ஹாரன் மூடியைப் பார்த்தார். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். அடுத்த நாளும் கழுவினார். கேட்டவர்களிடம் கார்புரேட்டர் என்றார். அந்த அப்பாவிக் கார்புரேட்டர் பிறந்ததிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மரக்கடைக்காரர் வந்தார். வந்த வாரம் பொறுமையாகப் பேசினார், அடுத்த வாரம் பொறுமை போய்விட்டது. அணிவகுப்பு நெருங்குகிறது, திங்கட்கிழமை ஓடாவிட்டால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பட்டறைக்காரன் முதலில் திறப்பதே அந்த மூடியைத்தான். சாயங்காலத்துக்குள் டீக்கடை முழுக்கத் தெரிந்துவிடும், பெரியவர் கடைசியில் பல் மாற்றி மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார் என்று.

மத்தியானம் அண்ணி சாப்பாட்டை வைத்துவிட்டு அங்கேயே டயர்மேல் உட்கார்ந்தாள்.

"இன்னும் எத்தனை தடவைதான் அதைக் குளிப்பாட்டுவ தம்பி? ஜன்னி வந்துடப்போகுது."

ஹாரனின் கை கார்புரேட்டரைக் கழுவியது. கண் எஞ்சின் மூடிமேல் இருந்தது. அது போன வழியே அண்ணியும் பார்த்தாள்.

"அதைத் தொறக்கணுமா?"

"அண்ணன் மூடுனது, அண்ணி."

அவள் கொஞ்ச நேரம் தட்டில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

"கல்யாணமான புதுசுல எனக்குச் செருப்பு வாங்கிட்டு வந்தாரு. ரெண்டும் வலது கால். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு குதிச்சாரு. போய்க் கேட்டா, இவரேதான் குவியல்ல தேடி எடுத்தாராம்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"போட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சேன். அவரு முகத்தைப் பார்த்தா வேற என்ன பண்றது." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "நீ தொறந்தா விஷயம் வீட்டோட போயிடும். சோறு ஆறுது, சாப்பிடு."

சாப்பிட்டுவிட்டு மூடியைத் திறந்தார். காய்ந்த பசையின் ஓரத்தில் அண்ணனின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. ஹாரன் சுரண்டியை எடுத்தார், வைத்தார், எடுத்தார். சுரண்டாமல் திரும்ப மூட முடியாது. சுரண்டினார். மனசுக்குள் ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன பல்லைத் தட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

பல்சக்கரத்தில் கம்பெனிக்காரன் அடையாளத்துக்குக் குத்திய புள்ளி அழகாக இருந்தது. அண்ணன் அதை நேர்பார்த்துத்தான் கோத்திருந்தார். பக்கத்துப் பல்லில் உளியால் கொத்திய ஒரு கோணல் கீறல். ஹாரன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். மரம் அறுத்தவர்கள் காலத்தில், சக்கரத்தைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் பள்ளமான காடி உடைந்திருக்கிறது. அவர்கள் பக்கத்திலேயே வேறு காடி வெட்டிக்கொண்டார்கள். சக்கரம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தது, அதோடு கம்பெனிப் புள்ளி பொய்யாகிவிட்டது. அந்தக் கோணல் கீறல்தான் நிஜம். காரை மரம் அறுக்க விட்டவன் கொத்தியதையா நம்புவார் அண்ணன்? செய்தவன் வைத்த அடையாளத்துக்கு மரியாதை கொடுத்தார். ஹாரனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

கீறலை நேர்பார்த்துக் கோத்தார். புதிதாகப் பசை தடவி மூடினார். போல்ட்டுகளை இறுக்க இறுக்க ஓரத்தில் பசை பிதுங்கியது. துணி தோளில்தான் கிடந்தது.

திங்கட்கிழமை மரக்கடைக்காரர் கையில் இழுவைக் கயிறோடே வந்தார். ஹாரன் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது, நேற்றுத்தான் நிறுத்தி வைத்த மாதிரி. மரக்கடைக்காரர் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்னதான்பா கோளாறு?"

"கார்புரேட்டர் சார். தூசி."

வாசலில் நின்ற அண்ணி சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மரக்கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"எல்லாம் பளிச்சுனு பண்ணிட்டு இங்க மட்டும் பசை வழியுதே. தொடைக்கக் கூடாதா?"

ஹாரன் தோளிலிருந்த துணியை எடுத்து, மடித்து, பைக்குள் வைத்தார்.

"காயட்டும் சார்," என்றார்.