மூன்று நிலங்களில் நின்ற வீடு

பிலிப்பைன்ஸின் வடக்கிலிருந்து கப்பலேறித் தெற்கே மிண்டனாவோ தீவுக்கு வந்த நாலு குடும்பங்களுக்கும் சேர்த்து வீடென்று சொல்லும்படி இருந்தது ஒன்றுதான். அது பெர்பெத்துவாவுடையது. கணவன் மலேரியாவில் போன பிறகு அவளே மூங்கில் வெட்டி, அவளே கட்டி, புல் வேய்ந்தது. மற்ற மூவரும் காட்டை அழித்துச் சோளம் விதைத்ததோடு சரி. ஓலைச் சாய்ப்பின் கீழ் படுத்துக்கொண்டார்கள். அரசாங்கமோ, ஐந்தாம் வருஷம் நிலத்தில் விளைச்சலும் வீடும் இருந்தால்தான் பட்டா என்றது.

பட்டா அதிகாரி வரும் வாரம் அந்த மூவரில் ஒருவனான தெலெஸ்போரோ தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, வீட்டைக் கொஞ்சம் குடுங்க. காலையில தூக்கிட்டுப் போய், மத்தியானத்துக்குள்ள திரும்ப வெச்சுடறோம்."

"ஏண்டா, வீடு என்ன கடப்பாரையா, இரவல் குடுக்க?"

கொடுத்தாள்.

அக்கம்பக்கத்து ஆட்களும் சேர்ந்து இருபது பேர் வீட்டின் அடியில் மூங்கில் கொடுத்துத் தோளில் ஏற்றினார்கள். அதிகாரியின் குதிரை பாதையில் சுற்றி வந்தது. வீடு வயலுக்குக் குறுக்கே போனது. மூன்று நிலத்திலும் அதே வீட்டில் அவர் சாவகாசமாக உட்கார்ந்து, சோளக் காப்பி குடித்து, கையெழுத்துப் போட்டார். தங்கள் வேலை முடிந்த நிம்மதியில் தூக்கியவர்கள் ஓடைக்கரையில் கள் குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி பெர்பெத்துவாவின் நிலத்துக்கு வந்தபோது அங்கே அடுப்பும் பன்றியும் அவளும்தான் இருந்தார்கள்.

"வீடு எங்கம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள், ஆளுயரச் சோளத்துக்கு மேலே ஒரு கூரை மட்டும் மெதுவாக அவர்களை நோக்கி வந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கள்ளில் தாமதித்து ஓடி வந்தவர்கள் வீட்டை அவர் முன்னால் இறக்கினார்கள்.

"இது உங்க வீடுன்னா, காலையில எழுதின மூணையும் கிழிக்கணும். அவங்களுதுன்னா, உங்களுக்கு வீடு இல்ல. யாருது?"

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். தெலெஸ்போரோவின் மனைவிக்கு நிறைமாதம். பெர்பெத்துவா தனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் அறைந்திருப்பாள்.

"அவங்களுதுங்க. சும்மா என்னைப் பார்க்க வந்திருக்கு."

"அப்ப உங்களுக்கு அடுத்த வருஷம்," என்று எழுதிக்கொண்டு அவர் குதிரை ஏறினார்.

அந்த வருஷம் அவள் ஏரைத் தொடவில்லை. மூவரும் முறைவைத்து அவள் நிலத்தை உழுதார்கள். அடுத்த வருஷம் அவளுக்கும் பட்டா வந்தது. பின்னாளில் ஊர் பெருத்து, அதற்கொரு மேயரும் வாய்த்தார். ஊர் பிறந்தநாள் விழாவில் அவர் பட்டா வருஷத்தைப் பார்த்துப் பட்டியல் வாசித்தார்: முதலில் குடியேறியவர்கள் அந்த மூவர்; பெர்பெத்துவா பிறகு வந்தவர்.

வயதானவளாயிற்றே என்று அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"அவங்க மூணு பேர் வீடும் நல்ல வீடு," என்றாள். "நான் கட்டினது."