ஹெட்டியின் சிவப்பு முடி

மனிதன் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த காலம். ஷெப்பித் தீவில் க்ராடக் விமானக் கம்பெனி இரண்டே வருஷம் இருந்தது. சதுப்பு நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விமானங்கள், அவ்வளவுதான். முதலாவது ஓட்டியவனைக் கொன்றது. இரண்டாவது ஆட்டுமந்தையில் விழுந்தது. மூன்றாவதற்கு இறக்கைத் துணி தைத்தவள் ஹெட்டி. படகுப் பாய் தைத்துக் காய்த்துப்போன கை அவளுக்கு, வாயும் அதே ரகம். விமானத்தை ஓட்டப்போகிறவன் அவள் புருஷன் ஜெம்.

கொட்டகையில் ஒரு பழக்கம் இருந்தது. தைப்பவள் தன் தலைமுடியில் ஒரு கொத்தை இறக்கை நுனியின் கடைசித் தையலில் முடிந்துவைக்க வேண்டும். முடி இல்லாத விமானத்தில் எவனும் ஏறமாட்டான். செத்தவன் விமானத்திலும் முடி இருந்ததே என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

பட்டாளத்து அதிகாரிகள் விலைபேச வருவதற்கு முந்தின நாள், வலது இறக்கையைத் தாங்கும் நீளக் கட்டை பிளந்திருப்பதை ஹெட்டி பார்த்தாள். தச்சன் ஸைலஸ் அதில் பசையைப் பூசி, நாடா சுற்றி மறைத்திருந்தான். நேரே ஜெம்மிடம் ஓடினாள்.

"அது ஒடையும் ஜெம். ஏறாத."

"ஒவ்வொரு தடவையும் இதேதான் பாடுற. நீ முடி வெச்சா ஏறுறேன், வெக்கலன்னா ஏறல. போதுமா?"

"சத்தியமா?"

"ஒன் செவப்பு முடி மேல சத்தியம்டி."

ஹெட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் முடி வைக்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி க்ராடக் வந்து இறக்கை நுனியைத் தடவிப் பார்த்தான்.

"முடி எங்கடி?"

"என் தலையில இருக்கு. அங்கயே இருக்கட்டும்."

அவன் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது. ஸைலஸ் அவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினான். அவன் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்தாள் ஹெட்டி. அவளுடைய கத்திரியாலேயே க்ராடக் அவள் தலைமுடியை வெட்டினான், பாவி, தோலும் சேர்ந்து வந்தது. பசை காய்ச்சும் அறையில் அவளைப் போட்டுப் பூட்டிவிட்டு, முடியை ஸைலஸே வைத்துத் தைத்தான்.

எஞ்சின் உறுமியதும் அவள் ஜன்னலை முழங்கையால் உடைத்து வெளியே குதித்தாள். ரத்தம் சொட்டச் சொட்டப் புல்வெளியில் ஓடினாள். விமானம் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. வேண்டாம் என்று இரண்டு கைகளையும் வீசினாள். வழியனுப்புகிறாள் என்று நினைத்து ஜெம்மும் தூரத்திலிருந்து கையை வீசினான்.

பனைமர உயரம்கூடப் போகவில்லை. வலது இறக்கை மேல்நோக்கி மடிந்தது. எஞ்சின் ஜெம்மின் நெஞ்சின் மேல் வந்து விழுந்தது.

கட்டை அந்தப் பிளவில்தான் முறிந்திருந்தது. ஹெட்டி அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய்த் தன் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதிகாரிகளின் கண்ணெதிரே க்ராடக்கின் இடது காது போயிற்று. கம்பெனி அந்த வாரமே மூடியது. அவளுக்குச் சிறை.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார்: "வருத்தப்படுறியாம்மா?"

"காதுக்கா? இன்னொண்ணு மிச்சம் இருக்கேன்னுதான் வருத்தம்."

கோர்ட்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஏறுவதற்கு முன் ஜெம் அந்தச் சிவப்பு முடியைத் தொட்டு முத்தமிட்டதாகச் சாட்சி ஒருவன் சற்று முன்புதான் சொல்லியிருந்தான். தான் சம்மதித்துவிட்டதாக நம்பியே அவன் செத்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சாகும்வரை ஹெட்டி தலையில் முடி வளரவிடவில்லை.